கல்லூரிக் குறும்படத்துக்கு லொகேஷன் பார்ப்பதும் போஸ்டர்களை ஆராய்வதும் உண்மையிலேயே தேவையா?

நாகர்கோவில் பக்கம் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கிறீர்கள், ஸ்கிரிப்ட் முடிந்துவிட்டது, லொகேஷன் குறிப்பும் போஸ்டர் ஆய்வும் ரெக்கார்டு நோட்டில் எழுதச் சொல்கிறார்கள், கடைசியில் சேர்த்து எழுதிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இரண்டையும் இப்போதே செய்யுங்கள், ஸ்கிரிப்டை மாற்றும் மனதோடு செய்யுங்கள். நான் இதைச் செய்யாமல் ஒரு படத்தைக் கெடுத்திருக்கிறேன்.

எங்கள் முதல் குறும்படம் ரப்பர் பால் வெட்டும் ஒரு அப்பாவையும், துபாய் போகத் துடிக்கும் மகனையும் பற்றியது. குலசேகரம் பக்கம் ஒரு தோட்டத்தை நவம்பரில் போய்ப் பார்த்தோம். உச்சி வெயில் நேரத்திலும் உள்ளே அந்தி மாதிரி இருந்தது. கதைக்கு அந்த இருட்டுதான் வேண்டியிருந்தது. நாற்பது ஃபோட்டோ எடுத்துக்கொண்டு வந்தோம். பாதிக் காட்சிகளை டிசம்பர் தொடக்கத்தில் எடுத்தோம். அப்புறம் தேர்வு வந்தது. மீதியை எடுக்க பிப்ரவரி முதல் வாரம் போனால் தோட்டம் முழுக்க மொட்டை. இலை எல்லாம் கீழே கிடக்கிறது, மேலே வெள்ளை வெளேரென்று வானம். பால் பிடிக்கும் சிரட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன, பால் வெட்டுவதையும் நிறுத்தியிருந்தார்கள். அப்பா இருட்டுக்குள்ளிருந்து நடந்து வருகிறார், அடுத்த ஷாட்டில் அதே இடம் பளீரென்று இருக்கிறது. கலர் கரெக்‌ஷனில் எவ்வளவோ முயன்றும் ஒட்டவில்லை. கடைசிக் காட்சியையே வெட்ட வேண்டியதாயிற்று.

அங்கே பால் வெட்டும் அண்ணன் ஒருவர் அன்று சொன்னார்: “தை மாசம் இலை கொட்டும்லா மக்களே, நவம்பர்லயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.” நவம்பரிலும் அவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அதனால் முதலில் அந்த இடத்தில் வேலை செய்கிற, குடியிருக்கிற ஒருவரிடம் அரை மணி நேரம் பேசுங்கள். எத்தனை மணிக்கு ஆள் நடமாட்டம், எந்த மாதம் என்ன மாறும், பக்கத்தில் எங்கே மிஷின் ஓடும், எல்லாம் அவருக்குத் தெரியும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதை ஷூட்டிங் தேதி குறிக்கும்போது பலர் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, காட்சி நடக்கிற அதே நேரத்தில் போங்கள். ஹெட்போனை மாட்டி இரண்டு நிமிடம் ஒலியைப் பதிவு செய்து கேளுங்கள். முட்டம் பாறைகள் கண்ணுக்கு எவ்வளவு அழகோ, வசனம் பதிவு செய்ய அவ்வளவு கஷ்டம், கடற்காற்று மைக்கை விழுங்கிவிடும். ஆரல்வாய்மொழி இன்னும் மோசம். காற்று கணவாய் வழியாகச் சீறி வருவதால்தானே அங்கே அத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள்? அங்கே எடுப்பதானால் வசனமில்லாத காட்சியை எடுங்கள். வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படம் துடிக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நடிக்கிற பெண்கள் உடை மாற்ற, கழிப்பறை போக பக்கத்தில் ஒரு வீடு இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த இடம் எனக்கு வேண்டாம்.

அனுமதி விஷயத்தை முன்கூட்டியே தொடங்குங்கள். சிதறால் மலை, வட்டக்கோட்டை இரண்டும் மத்தியத் தொல்லியல் துறையிடம் இருக்கின்றன. பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரள அரசின் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. கடற்கரை ஊர்களில் பங்குத்தந்தையையும் ஊர்க் கமிட்டியையும் நேரில் பார்த்துக் கதையைச் சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்டால் படகுகூடக் கிடைக்கும்.

மாத்தூர் தொட்டிப் பாலத்திலும் திருவள்ளுவர் சிலை முன்பும் ஒரு காட்சியாவது வேண்டும் என்று நிறைய மாணவர்கள் ஆசைப்படுகிறார்கள். 133 அடிச் சிலை பின்னால் நின்றால் உங்கள் கதாநாயகியின் கண்ணீரை யார் பார்ப்பார்கள்? 115 அடி உயரப் பாலமும் அப்படித்தான். கதை அந்தப் பாலத்தைப் பற்றியது என்றால் தாராளமாகப் போங்கள்.

இனி போஸ்டர். ‘நீல நிறம் சோகத்தைக் குறிக்கிறது’ என்று ரெக்கார்டில் எழுதுவதால் பயனில்லை. உங்கள் கதைக்கு நெருக்கமான பத்து போஸ்டர்களை எடுங்கள். தலைப்பைக் கையால் மறைத்துவிட்டு வீட்டில் அம்மாவிடம் காட்டி, “இது என்ன கதையா இருக்கும்?” என்று கேளுங்கள். அவர் முதலில் எதைப் பார்க்கிறார், முகம் எவ்வளவு இடத்தை அடைக்கிறது, எங்கே காலியாக விட்டிருக்கிறார்கள், ஆள் இடத்தைவிடப் பெரிதா சிறிதா என்று எழுதுங்கள். அதன் பிறகு வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய்ச் சுவர்களைப் பாருங்கள். எனக்குப் போஸ்டரின் இலக்கணத்தைக் கற்றுக்கொடுத்தவை கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள். ஒரு முகம், ஒரு பெயர், ஒரு தேதி. ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் யார் போய்விட்டார் என்று தெரிந்துவிடும். உங்கள் போஸ்டரை இன்று போனில் கட்டைவிரல் அளவில்தான் பார்க்கப் போகிறார்கள். அந்த அளவிலும் அதே தெளிவு வேண்டும்.

இரண்டாவது படத்துக்கு நாங்கள் போஸ்டரிலிருந்தே தொடங்கினோம். பத்துப் போஸ்டர்களைப் பார்த்த பிறகு ஒருவன் பென்சிலால் வரைந்தான்: கறுப்புத் தோட்டம், நடுவில் ஒரே ஒரு நெற்றி விளக்கு. அந்த ஓவியம் பிடித்துப்போனதால் பகலில் நடப்பதாக எழுதியிருந்த கதையை விடியலுக்கு முன்னால் நடப்பதாக மாற்றினோம். அதே அண்ணனோடு அதிகாலை நாலு மணிக்குப் போனோம். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டிலேயே வெட்டத் தொடங்கிவிடுகிறார்கள். விளக்கு வட்டத்துக்குள் பட்டை மட்டும் தெரிகிறது. கத்தி சரிந்து இறங்கியதும் கீறல் நெடுக வெள்ளைப் புள்ளிகள் முளைக்கின்றன, புள்ளிகள் சேர்ந்து கோடாகி, கோடு வழிந்து சிரட்டையில் விழுகிறது. மகன் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். ஸ்கிரிப்டில் அந்த இடத்தில் ஒரு பக்க வசனம் இருந்தது, எல்லாவற்றையும் அடித்துவிட்டோம்.

போஸ்டருக்கான ஸ்டில்லை வீடியோவிலிருந்து வெட்டி எடுக்காதீர்கள். 1920×1080 ஃபிரேம் ஏறக்குறைய 2 மெகாபிக்சல்தான். ஏ3 தாளில் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடிக்க சுமார் 3508×4961 பிக்சல் வேண்டும். போஸ்டர் நீளவாக்கு, யூடியூப் முகப்புப் படம் 16:9 அகலவாக்கு, எனவே இரண்டு விதமாகவும் தனியாக எடுங்கள், தலைப்புக்கு இடம் விட்டு எடுங்கள். நடிகர்கள் களைத்துப் போவதற்கு முன்னால், போஸ்டருக்கு வேண்டிய காட்சி முடிந்த கையோடு பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.