பி.காம் கையில் இருக்கும்போது டிப்ளமோ எதற்கு?

மண்டபம் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டே 36 வயதில் வரித் தொழிலுக்கு மாற, சிஏ (ஆடிட்டர் படிப்பு) படிப்பதா, ஏதாவது வரி டிப்ளமோ வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். டிப்ளமோவை விடுங்கள், அதை வைத்து யார் சார்பிலும் வரிக் கணக்குத் தாக்கல் செய்ய முடியாது.

உங்கள் பி.காமே போதும், ஜிஎஸ்டி தளத்தில் பிசிடி-01 படிவம் போட்டு ஜிஎஸ்டி பிராக்டிஷனராக, அதாவது வியாபாரிகளுக்காக ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்பவராகப் பதிந்துகொள்ளலாம். சிஏவுக்கு 55 சதவீதம் இருந்தால் ஃபவுண்டேஷன் என்ற முதல் கட்டம் இல்லாமல் நேரே அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டில் சேரலாம், ஆனால் ஒரு ஆடிட்டரிடம் செய்யும் 2 வருடப் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப்பில் கிடைக்கும் உதவித்தொகையை வைத்துக் குடும்பம் நடத்த முடியுமா என்று வீட்டில் பேசிவிட்டு முடிவெடுங்கள். வருமான வரித் தணிக்கை அறிக்கையில் சிஏதான் கையெழுத்துப் போட முடியும், சிஎம்ஏ (காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பு) முடித்தாலும் அந்த உரிமை கிடையாது, பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகள்தான் உங்கள் குறி என்றால் சிஏவுக்கு மாற்று இல்லை.

நம் கரையில் சின்ன வியாபாரிதான் அதிகம். பச்சை மீனுக்கு ஜிஎஸ்டி இல்லை, அதையே பதப்படுத்தி டப்பாவில் அடைத்தால் உண்டு, ஒரே ஆள் இரண்டையும் விற்பார், பில்லோ துண்டுச்சீட்டில் இருக்கும். அதைப் பிரித்து எழுதத் தெரிந்தவருக்கு ராமேஸ்வரம் முதல் கீழக்கரை வரை வேலை இருக்கிறது.

அப்புறம், இப்போதைக்கு வேலையை விட வேண்டாம். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் கணக்கு) கடைசி நாள், அந்த நாட்களில் ஆடிட்டர் ஆபீஸ்களில் ஆள் பற்றாது, சாயங்காலம் போய் உட்காருங்கள்.