மூடுபனிக்கு மேலே வெயிலில் ஒரு நடை: ரிகி மலை பற்றிய கேள்வி பதில்

நவம்பர் பிறந்துவிட்டால், யூரா மலைத்தொடருக்கும் ஆல்ப்ஸுக்கும் இடைப்பட்ட சுவிஸ் தாழ்நிலத்தில் குடியிருக்கும் நம்மவர்கள் பலர் சூரியனைக் காணாமலே நாட்கணக்கில் வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். அதே நாட்களில், லுசேர்ன் ஏரிக்கு மேலே ரிகி மலையின் தோளில், குளிர்ச்சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வெயிலில் நடப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த ஏரிக்கரையில் குடியிருந்து பல குளிர்காலங்களாக அங்கே நடந்து வருபவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு விடை எழுதுகிறேன். விசா, வேலை, வீட்டு வாடகை குறித்து வந்தவற்றை எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி (சூரிச்): அண்ணா, குடும்பத்துடன் முதல் தடவை போகிறோம். மலையேறிப் பழக்கமில்லை. எந்தப் பாதையில் நடக்கலாம்?

பதில்: ரிகியின் சரிவில் உள்ள கால்ட்பாட்டிலிருந்து ஃபிர்ஸ்ட், உன்டர்ஷ்டெட்டன் வழியாக ஷெய்டெக் வரை செல்லும் பாதையில் நடங்கள். சுமார் 7 கிலோமீட்டர். நின்று நின்று போனாலும் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கால்ட்பாட் ஏறத்தாழ 1,430 மீட்டர் உயரத்திலும் ஷெய்டெக் 1,650 மீட்டரை ஒட்டிய உயரத்திலும் இருப்பதால், ஏற்றம் என்று சொல்லத்தக்கது 200 மீட்டருக்குச் சற்று மேல்தான். அதுவும் பாதை முழுவதும் பரவிக் கிடப்பதால் மூச்சு வாங்காது.

இந்தப் பாதை இவ்வளவு சீராக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1870களின் நடுவில் இங்கே ஒரு மலை ரயில் ஓடத் தொடங்கியது. ரிகியின் மற்ற இரண்டு ரயில்களும் (1871இல் திறக்கப்பட்ட ஃபிட்ஸ்நவ் ரயிலும் 1875இல் திறக்கப்பட்ட ஆர்த் ரயிலும்) பற்சக்கரத்தால் தண்டவாளத்தைக் கவ்வி ஏறுபவை. இந்த மூன்றாவது ரயிலுக்கோ பற்சக்கரம் கிடையாது. ஆகவே செங்குத்தாக ஏற முடியாமல், மலையின் வளைவுகளைத் தடவிக்கொண்டே போக வேண்டியிருந்தது. வருமானம் போதாமல் 1931இல் அது நின்றுபோனது. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த பின்னும் அந்தத் தடமும், ஒரு சிறு சுரங்கமும், உன்டர்ஷ்டெட்டன் அருகே ஒரு இரும்புப் பாலமும் எஞ்சி நின்றன. இன்று நாம் நடப்பது அந்த ரயிலின் சாய்வில்தான்.

ஏரிக்கரையில் உள்ள வெகிஸிலிருந்து கம்பிவட வண்டியிலோ ஃபிட்ஸ்நவிலிருந்து பற்சக்கர ரயிலிலோ கால்ட்பாட்டுக்கு ஏறுங்கள். முதல் தடவை என்றால் ரயிலையே சிபாரிசு செய்வேன். ஏறும்போது சன்னலுக்கு வெளியே சாம்பல் நிறத்தைத் தவிர எதுவும் தெரியாது; பின்னர் ஊசியிலை மரங்களில், காற்று வரும் பக்கம் மட்டும், சீப்பின் பற்களைப் போல உறைபனி நீட்டிக்கொண்டிருப்பது தெரியும்; அதன்பின் சாம்பல் பால் நிறமாகி, பால் மஞ்சளாகி, திடீரென்று வண்டியின் நிழல் பக்கத்துச் சரிவில் விழும். நிழலைக் கண்டால் மேலே வந்துவிட்டீர்கள் என்று பொருள்.

ஷெய்டெக்கிலிருந்து கிரேபல் நிலையத்துக்கு ஒரு சிறிய கம்பிவட வண்டி இறங்குகிறது. அது ஓடுகிறதா என்று காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஓடாத நாளில் வந்த வழியே திரும்ப வேண்டும். எப்படித் திரும்பினாலும் டிசம்பரில் மூன்றரை மணிக்கு இறங்கும் வண்டியில் உட்கார்ந்திருங்கள்.

கேள்வி (ஓல்டென்): இன்று எங்கள் வீட்டு வாசலில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 2 பாகை. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஆறரை பாகை குறையும் என்று பள்ளியில் படித்தோம். அப்படியானால் ரிகியில் பூச்சியத்துக்குக் கீழே 8 பாகைக்கு மேல் குளிராக இருக்க வேண்டும். இடுப்பில் சட்டையைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள் என்பது மிகையல்லவா?

பதில்: மிகையல்ல. நீங்கள் படித்தது சராசரிக் கணக்கு. மூடுபனி நாட்களில் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். உயரழுத்தம் நிலைகொண்டிருக்கும்போது மேலே உள்ள காற்று மெல்லக் கீழே அமிழ்கிறது. அமிழும் காற்று அமுக்கப்படுவதால், ஒவ்வொரு 100 மீட்டர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ ஒரு பாகை சூடாகிறது, ஈரமும் வற்றுகிறது. நிலத்திலோ இரவு நீளம். வெப்பம் வானத்துக்குப் போய்விட, குளிர்ந்த கனமான காற்று பள்ளத்தில் தேங்குகிறது. ஒரு பக்கம் யூராவும் மறுபக்கம் ஆல்ப்ஸும் அணை கட்டியிருப்பதால் அதற்குப் போக வழியில்லை. கீழே குளிர்ந்த காற்று, மேலே சூடான மூடி. இந்த இரண்டின் எல்லையில்தான் மூடுபனியின் மேற்பரப்பு படுத்திருக்கிறது.

ஓல்டென் அன்பர் மீண்டும்: வெயில் பட்டால் பத்து மணிக்குள் கலைந்துவிட வேண்டுமே? எங்கள் ஊரில் பனி அப்படித்தான் கலையும்.

பதில்: யாழ்ப்பாணத்து மார்கழிப் பனி காலை வெயிலில் கலைவதை நானும் பார்த்து வளர்ந்தவன்தான். அங்கே அந்த மாதத்திலும் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 55 பாகைக்கு மேல் எழுகிறது. இங்கே டிசம்பர் இறுதியில் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 20 பாகைக்கு மேல் எழுவதில்லை. அந்தச் சாய்ந்த ஒளியில் பெரும்பகுதியை மூடுபனியின் வெள்ளைப் பரப்பு அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறது. போதாததற்கு, அந்தப் பரப்பே தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து தன்னைத்தானே மேலும் குளிரவைத்துக்கொள்கிறது. ஆகவே காற்று மாறும் வரை அது நாட்கணக்கில் கிடக்கும்.

இடையில் ஒருவர் (உதகமண்டலம்): ஐயா சொல்வது சரி. எங்கள் நீலகிரியிலும் சனவரி உறைபனியில் முதலில் கருகுவது பள்ளத்தில் நிற்கும் தேயிலைச் செடிகள்தான். மேட்டுச் சரிவில் இருப்பவை பலமுறை தப்பிவிடும்.

பதில்: நன்றி. நான் இரண்டு பத்தியில் எழுதியதை நீங்கள் ஒரு தேயிலைத் தோட்டத்தில் காட்டிவிட்டீர்கள்.

ஓல்டென் அன்பர் மூன்றாம் முறை: தோட்டம் வேறு, மலை உச்சி வேறு. உச்சியில் பனி உருகாமல் கிடக்கிறதே, அது குளிரைக் காட்டவில்லையா?

பதில்: உருகாமல் கிடப்பதற்குக் காற்றின் வெப்பநிலை மட்டுமே காரணம் அன்று. புதிய வெண்பனி தன்மேல் விழும் ஒளியில் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பியடிக்கும். வறண்ட காற்றும் தெளிந்த இரவும் அதன் மேற்பரப்பைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். உங்கள் முகம் சூடாக இருக்கும்போதே காலடியில் வெண்பனி நொறுங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. கையில் ஒரு வெப்பமானியுடன் ஏறி, நிழலில் தூக்கிப் பிடித்து, அளந்து எழுதுங்கள். அதுவரை இந்த வழக்கை ஒத்திவைக்கிறேன்.

கேள்வி (பேர்ன்): நாளை மூடுபனி ரிகிக்குக் கீழே நிற்குமா, மேலே போகுமா என்று எப்படி அறிவது?

பதில்: நல்ல கேள்வி, அரைநாள் பயணம் வீணாவது பெரும்பாலும் இதில்தான். சுவிஸ் வானிலை அறிவிப்பில், மூடுபனி நாட்களில், அதன் மேல் எல்லை எத்தனை மீட்டர் என்று சொல்வார்கள். நீங்கள் பார்க்க வேண்டிய எண் அது ஒன்றுதான். காற்று அடங்கிய நாட்களில் அந்த எல்லை பெரும்பாலும் 600 மீட்டருக்கும் 900 மீட்டருக்கும் இடையில் நிற்கும். அப்போது கால்ட்பாட்டில் தாராளமாக வெயில் இருக்கும். வடகிழக்கிலிருந்து பீஸ் என்ற காற்று வீசினால் நிலைமை வேறு. நம் மொழியில் அதற்கு ஏற்ற சொல் வாடை. வாடை வலுக்க வலுக்கக் குளிர்காற்று மலைகளின்மேல் நெருக்கப்பட்டு எல்லை உயரும். 1,500 மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. அன்று ஷெய்டெக் பாதையின் பெரும்பகுதி மூடுபனிக்குள் கிடக்கும். ரிகியின் மிக உயர்ந்த இடமான, 1,797 மீட்டர் உயரமுள்ள குல்ம் உச்சிதான் மிதக்கும், அங்கும் காற்று காதை அறுக்கும். வாடை எவ்வளவு என்று அறிய, போடன் ஏரிக்கரையில் உள்ள குட்டிங்கனுக்கும் ஜெனீவாவுக்கும் இடையிலான காற்றழுத்த வேறுபாட்டைப் பார்க்கும் வழக்கம் இங்கே உண்டு.

இதைவிட எளிய வழி, புறப்படும் முன் மலைமேல் உள்ள இணையப் படக்கருவியைப் பார்ப்பது. அதில் எதிரே 1,128 மீட்டர் உயரமுள்ள பூர்கன்ஷ்டோக்கின் முகடு தெரிகிறதா என்று தேடுங்கள். அது வெள்ளைக்குள் மூழ்கி, அதைவிட உயர்ந்த பிலாட்டுஸ் மலை மட்டும் தெரிந்தால் யோசியுங்கள். பூர்கன்ஷ்டோக் தீவாக நின்றால் உடனே கிளம்புங்கள்.

கேள்வி (தூண்): சனிக்கிழமை மூடுபனி எப்படி இருக்கும்?

பதில்: மேலே பேர்ன் அன்பருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கேள்வி (பாசல்): ஞாயிற்றுக்கிழமை வெயில் உண்டா?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி (ஆராவ்): கிறிஸ்துமஸ் விடுமுறையில் மூடுபனி இருக்குமா?

பதில்: தம்பி, நான் பஞ்சாங்கம் கணிப்பதில்லை. முதல் நாள் மாலை அறிவிப்பைப் பாருங்கள்.

கேள்வி (வின்டர்தூர்): போன மாதம் குல்மின் வடக்கு விளிம்பில் நின்றபோது, கீழே மூடுபனியில் ஒரு பெரிய மனித உருவமும் அதன் தலையைச் சுற்றி வானவில் வளையமும் கண்டேன். என் பக்கத்தில் நின்ற மனைவி, வளையம் தன் தலையைச் சுற்றி இருப்பதாகச் சொல்கிறார். இருவரில் யார் சொல்வது சரி?

பதில்: இருவரும் சொல்வது சரி. நீங்கள் கண்டது ப்ரோக்கன் பேய். ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைத்தொடரில் உள்ள ப்ரோக்கன் உச்சியில் இதைக் கண்டு 1780இல் பதிவு செய்ததால் அந்தப் பெயர் நின்றுவிட்டது. முதுகுக்குப் பின்னே சூரியன், முன்னே பனித்துளிகள். உங்கள் நிழல் துளிகளின்மேல் நீண்டு விழுகிறது. வளையம், துளிகளிலிருந்து ஒளி வந்த திசைக்கே திரும்பும்போது உண்டாவது. வெளிவிளிம்பில் சிவப்பும் உள்ளே நீலமும் இருந்திருக்கும். ஒவ்வொருவர் கண்ணுக்கும் தனி வளையம் என்பதால் அவரவர் தலையைச் சுற்றி மட்டுமே தெரியும். உங்கள் மனைவியின் நிழலையும் நீங்கள் கண்டிருப்பீர்கள்; அதற்கு வளையம் இருந்திராது. வீட்டில் இதைச் சற்று நயமாகச் சொல்லுங்கள்.

இங்கே குளிர்காலத்தில் சூரியன் நாள் முழுவதும் தாழ்ந்தே இருப்பதால் நண்பகலிலும் இதைக் காணலாம். மூடுபனி, நீங்கள் நிற்கும் விளிம்புக்கு மிக அருகில் ஏறி நிற்க வேண்டும் என்பதே நிபந்தனை.

கேள்வி (லௌசான்): குழந்தையின் தள்ளுவண்டியைக் கொண்டு போகலாமா?

பதில்: வேண்டாம், சிறு சக்கரம் வெண்பனியில் புதையும். கயிறு கட்டி இழுக்கும் சறுக்குவண்டியில் உட்காரவையுங்கள்; குழந்தைக்கும் அதுதான் பிடிக்கும்.

கேள்வி (பீல்): அப்பாவுக்கு இருதய சத்திரசிகிச்சை நடந்து ஆறு மாதம் ஆகிறது. இந்த உயரம் ஒத்துக்கொள்ளுமா?

பதில்: அதை அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்; நான் நடப்பவன் மட்டுமே.

கேள்வி (சுக்): சாதாரணச் சப்பாத்து போதுமா? கறுப்புக் கண்ணாடி கட்டாயமா?

பதில்: கணுக்காலைப் பிடிக்கும், அடிப்பல் ஆழமான சப்பாத்து வேண்டும். வெயிற்பக்கம் உருகிய நீர் நிழற்பக்கத்தில் கண்ணாடிபோல் உறைந்து கிடக்கும் என்பதால், சப்பாத்துக்கு அடியில் மாட்டும் இரும்புப்பல் பட்டை ஒன்றைப் பையில் வைத்திருங்கள். கறுப்புக் கண்ணாடி கட்டாயம். மேலிருந்து ஒரு வெயில், காலடியிலிருந்து ஒரு வெயில், கீழே கிடக்கும் மூடுபனியிலிருந்து மூன்றாவது வெயில். மூக்கின் அடிப்புறத்துக்கும் தாடைக்குக் கீழும் களிம்பு பூச மறந்தவர்கள் இரவில் என்னை நினைப்பார்கள்.

கேள்வி (செயின்ட் காலன்): கைபேசி வரைபடத்தில் ஒரு குறுக்குவழி தெரிகிறது. அதில் போனால் அரை மணி மிச்சம் அல்லவா?

பதில்: அது கோடைப் பாதையாக இருக்கும். கோடைப் பாதைக்கு மஞ்சள் பலகை, குளிர்கால நடைபாதைக்கு இளஞ்சிவப்புப் பலகையும் கம்பமும். இளஞ்சிவப்பை விட்டு விலகினால், அந்தச் சரிவில் பனிச்சரிவு ஆபத்து உண்டா என்று பார்த்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. டாவோஸில் உள்ள பனி ஆய்வு நிறுவனம் மாலை ஐந்து மணிக்கும் காலை எட்டு மணிக்கும், ஐந்து படிகளில், எச்சரிக்கை வெளியிடுகிறது; அதைப் படித்து முடிவெடுக்கத் தெரிந்தவர்கள் என்னிடம் குறுக்குவழி கேட்கமாட்டார்கள். மலையில் விபத்து என்றால் ரேகா மீட்புப் பணியின் எண் 1414.

கேள்வி (சூரிச், வேறொருவர்): மூன்றரை, மூன்றரை என்கிறீர்கள். அதற்குப் பின்னும் வண்டி இருக்கிறதே! மூடுபனிக் கடலில் சூரியன் இறங்குவதைப் பார்க்காமல் வருவது பாவமில்லையா?

பதில்: பாவம்தான். குல்மில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்று, நேர அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். அதற்கு நான் தடை சொல்லவில்லை. நான் சொல்வது நடைபாதையில் இருப்பவர்களுக்கு. சில ஆண்டுகளுக்கு முன் உன்டர்ஷ்டெட்டன் அருகே, தெற்கே ஊரி மலைகள் சிவப்பதைப் பார்த்துக்கொண்டு நானும் நின்றேன். மாலையானதும் மூடுபனி மேலே ஏறி, முகட்டின் தாழ்ந்த இடத்தால் பால் பொங்கி வழிவதுபோல் பாதைக்குள் வந்தது. கைபேசி விளக்கை ஏற்றினேன். ஒளி முழுவதும் வெள்ளையாக முகத்தில் திரும்பி அடித்ததால் அணைத்துவிட்டேன். ஒரு கம்பத்தைக் கையால் தொட்டபின் அடுத்த கம்பம் மங்கலாகத் தெரியும் வரை காத்திருந்து, கம்பம் கம்பமாக ஃபிர்ஸ்ட் வரை வந்தேன். பகலில் அரை மணி நேரத்தில் நடக்கும் தூரத்துக்கு அன்று ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. கண் இமையில் உறைபனி பிடித்திருந்ததைக் கால்ட்பாட் நிலையத்து விளக்கில்தான் கண்டேன்.