ராஜஸ்தான் தார் பாலைவன நடைக்கு டாக்டிகல் பூட்ஸ் (ராணுவ பாணி பூட்ஸ்) வாங்கியிருக்கிறேன். கிளம்பும் முன் எப்படிச் சோதிப்பது?

முதலில் அடிப்பாகம். ராணுவ இருப்பிலிருந்து மலிவாக விற்கப்படும் பழைய பூட்ஸில்தான் பெரிய ஆபத்து. அடிப்பாகத்தின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரையாக இருந்தால், பெட்டியிலேயே கிடந்தாலும் காற்றின் ஈரம் அதைச் சிதைக்கும். கட்டை விரலால் அழுத்துங்கள். பிசுபிசுத்தாலோ உதிர்ந்தாலோ திருப்பிக் கொடுங்கள், ஒட்டிப் பயனில்லை. பிறகு முன்பாதத்தை நன்றாக வளைத்து, அடிப்பாகமும் தோலும் சேருமிடத்தில் இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள்.

பக்கவாட்டில் நீர் வடியும் துளைகள் இருந்தால் அது காட்டுக்கான பூட்ஸ், மணல் உள்ளே வரும். லேஸுக்கு அடியிலுள்ள நாக்குப் பகுதியும் மணல் புகாதபடி இருபுறமும் மேல்வரை தைத்திருக்க வேண்டும். நீர்புகா உள்ளுறை வெயிலில் வியர்வையைத் தேக்கும், வேண்டாம்.

அளவை மாலையில், பயணத்துக்கான தடித்த காலுறையோடு பாருங்கள். பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். லேஸ் கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். கட்டியபின் சரிவில் இறங்குங்கள். விரல்நுனி இடித்தால் நகம் கறுக்கும். ஏறும்போது குதிகால் வழுக்கினால் கொப்புளம்தான். மேல் கண்ணிகளில் லேஸை இறுக்கியும் நிற்கவில்லையென்றால் அரை அளவு குறையுங்கள்.

அடுத்து 2 கி.மீ. வெறுங்கையோடு, 5 கி.மீ. பையோடு, கடைசியாக 10 கி.மீ. மணலில். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் காலுறையைக் கழற்றிச் சிவந்த இடங்களைப் பாருங்கள். நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள், அடுப்பருகே வைத்தால் பசை இளகும்.