நடந்து போகும் விமானப்படை

அன்புள்ள ஐயா,

போன மாதம் மகனைப் பார்க்க லண்டன் போயிருந்தேன். பகிங்ஹாம் அரண்மனை வாசலில் காவல் மாறுவதைக் கூட்டத்தோடு நின்று பார்த்தோம். படங்களில் வரும் சிவப்புக் கோட்டும் கரடித் தொப்பியும் இல்லை. நீலமும் சாம்பலும் கலந்த சீருடை. விசாரித்தால், விமானப்படையின் காலாட்கள் என்றார்கள். "ஏரோப்ளேன் படையில் சேர்ந்தும் நடந்தே சாகிறார்களே" என்று மகன் சிரித்தான். நான் சூலூர்க்காரன், விமானதளத்துப் பக்கத்திலேயே வளர்ந்தவன். பறக்கிறவர்கள் வேறு, வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறவர்கள் வேறு என்றுதான் நினைத்திருந்தேன். விமானப்படைக்கு எதற்குத் தனியாகக் காலாட்படை? வெறும் அலங்காரமா?

— ஒரு வாசகர், சூலூர்

அன்புள்ள நண்பருக்கு,

அலங்காரமெல்லாம் பின்னால் வந்தது. முதலில் விழுந்தது அடி.

நீங்கள் பார்த்தவர்கள் பிரிட்டிஷ் விமானப்படையான ராயல் ஏர் ஃபோர்ஸின் ரெஜிமென்ட் ஆட்களாகத்தான் இருக்க வேண்டும். அந்த ரெஜிமென்ட் பிறந்த கதை, இரண்டாம் உலகப் போரில், கிரேக்கத்தின் கிரீட் தீவில் தொடங்குகிறது. அங்கே மலேமே என்ற ஊரில் ஒரு சின்ன விமானதளம். 1941 மே 19 அன்று, மிச்சமிருந்த சில பிரிட்டிஷ் விமானங்களையும் எகிப்துக்கு அனுப்பிவிட்டார்கள். தளத்தில் தங்கியவர்கள் மெக்கானிக்குகள், குமாஸ்தாக்கள், சமையல்காரர்கள். மறுநாள் காலை ஜெர்மானியர்கள் பாராசூட்டிலும் கிளைடரிலும் வந்து இறங்கினார்கள்.

தளத்தையும் அதை ஒட்டிய 107-ஆம் குன்றையும் காக்க வேண்டியது நியூசிலாந்தின் 22-ஆம் பட்டாலியன். ஆனால் அதன் தளபதி ஆண்ட்ரூவின் சொல் எல்லோரிடமும் செல்லவில்லை. விமானப்படை ஆட்களுக்கு மேலிடம் வேறு. விமான எதிர்ப்புப் பீரங்கிக்காரர்களுக்கு மேலிடம் வேறு. ஒரே வீட்டில் மூன்று மாமியார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலத்துக்குள் ஆண்ட்ரூவுக்குத் தன் சொந்தப் பட்டாலியனின் பிரிவுகளான கம்பெனிகளில் இரண்டோடு தொடர்பு அறுந்துபோனது. அவை அழிந்துவிட்டன என்று எண்ணி இரவில் பின்வாங்கினார். உண்மையில் அவை அங்கேயே இருந்தன. மறுநாள் அந்த ஓடுதளத்தில், குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே, ஜெர்மன் துருப்பு விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. ஜூன் 1-க்குள் தீவே கைமாறிவிட்டது.

பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலுக்கு வந்த கோபத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜூன் கடைசியில் எழுதிய குறிப்பில், ஒவ்வொரு விமானதளமும் சண்டை போடத் தெரிந்த ஆட்களின் கோட்டையாக இருக்க வேண்டும், சீருடை மாட்டிய சிவிலியன்கள் ராணுவத்தின் பாதுகாப்பில் குடியிருக்கும் இடமாக இருக்கக் கூடாது என்றார். காரமான வாக்கியம்தான். ஆனால் மலேமே மெக்கானிக்குகளுக்கு அது நியாயம் இல்லை. ஸ்பேனர் பிடிக்கப் பழக்கிய ஆளிடம், கடைசி நாளில் ரைஃபிளைக் கொடுத்துவிட்டு, யார் சொன்னால் சுட வேண்டும் என்பதைக்கூட முடிவு செய்யாமல் விட்டது அந்த ஆளின் குற்றமா?

எப்படியோ, விளைவு நல்லதாக இருந்தது. 1942 பிப்ரவரி 1 அன்று ரெஜிமென்ட் உருவானது. போர் உச்சத்தில் இருந்தபோது 80,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 1943 ஏப்ரல் 1, விமானப்படையின் 25-ஆவது பிறந்தநாள். அன்று முதன்முறையாக பகிங்ஹாம் அரண்மனைக் காவலுக்கு நின்றார்கள். உங்கள் மகன் சிரித்த காட்சிக்கு அவ்வளவு வயது. (1920-களில் மத்திய கிழக்கில் ஓடிய விமானப்படைக் கவசக் கார் கம்பெனிகளிலிருந்து இன்றைய 1, 2-ஆம் ஸ்குவாட்ரன்கள் தங்கள் வம்சத்தைச் சொல்லிக்கொள்வதும் உண்டு. அது ஒரு தனிக் கதை.)

இவர்களுடைய வேலை என்ன என்று கேட்டால் நான் பர்மாவின் மெய்க்தீலாவைத்தான் காட்டுவேன். 1945 மார்ச். ஊரை 17-ஆவது இந்திய டிவிஷன் பிடித்துவிட்டது. ஜப்பானியர்கள் சுற்றி வளைத்துவிட்டார்கள். உணவு, தோட்டா, கூடுதல் துருப்புகள் எல்லாம் விமானத்தில்தான் வந்தாக வேண்டும். ராத்திரியில் ரெஜிமென்ட் ஆட்கள் பதுங்குகுழிகளுக்குள் முடங்கிவிடுவார்கள். இருட்டில் ஜப்பானியர்கள் ஊர்ந்து வந்து ஓடுதளத்தின் ஓரத்தில் குழி தோண்டி உட்கார்ந்துகொள்வார்கள். விடிந்ததும் இவர்கள் எழுந்து, தளத்தின் ஒரு முனையிலிருந்து வரிசை கட்டி நடப்பார்கள். புதர் புதராக, குழி குழியாகத் தேடி, சுட்டு விரட்டுவார்கள். அதற்குப் பிறகுதான் முதல் விமானம் இறங்கும். மறுநாளும் அதே நடை. நம் வீடுகளில் வாசல் தெளிப்பது மாதிரி தினமும் செய்தார்கள், செத்துக்கொண்டே. கடைசியில் தளத்தில் இறங்கவே முடியாமல் பாராசூட்டில் சரக்கு போட வேண்டிய நிலை வந்தது; ஆனாலும் அதற்குள் ஒரு முழு பிரிகேட் அங்கே இறங்கிவிட்டிருந்தது.

சூலூர்க்காரர் என்பதால் ஒன்று. நம் ஊர்த் தளங்களின் காவலில் பெரும்பாலும் நீங்கள் பார்ப்பது டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர், அதாவது ஓய்வுபெற்றுத் திரும்ப வந்த ராணுவத்தினர். விமானப்படையின் சொந்தக் கமாண்டோக்களான கருட் படை 2004-இல்தான் உருவானது. 2016 ஜனவரியில் பதான்கோட் தளத்துக்குள் பயங்கரவாதிகள் நுழைந்தபோது, டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோரைச் சேர்ந்த ஜகதீஷ் சந்த் என்ற பழைய சிப்பாய் கையில் ஆயுதம் இல்லாமல் ஒருவனைத் துரத்திப் பிடித்து, அவன் துப்பாக்கியாலேயே அவனைக் கொன்றுவிட்டுத்தான் இறந்தார். சர்ச்சில் குறிப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

சரி, அலங்காரத்துக்கு வருவோம். 1960-இல் தொடங்கிய அவர்களுடைய சடங்கு அணிவகுப்புப் பிரிவான கலர் ஸ்குவாட்ரன், வாய்க்கட்டளையே இல்லாமல் ட்ரில் செய்வதில் பேர்போனது. ஒவ்வொருவரும் மனதுக்குள் எண்ணிக்கொண்டே அடியெடுத்து வைப்பார்கள். ஒருவர் எண்ணிக்கை பிசகினாலும் வரிசையே காட்டிக்கொடுத்துவிடும். தோளில் ரெஜிமென்ட் பெயர் தைத்த பட்டைக்கு அவர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் மட்கார்டு. ஆமாம், நம் சைக்கிள் மட்கார்டுதான்.

உங்கள் மகனின் கிண்டலுக்கு அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், இன்னும் மோசமான பெயரோடு பல பத்தாண்டுகளாக வாழ்கிறார்கள். அவர்களே சொல்லும் கதை இது. 1952 நவம்பர், இன்றைய ஏமனில் ஏடன் பக்கம் தாலா என்ற ஊர். அங்கே பாறைகளில் திரியும் பபூன் குரங்குகளை வேட்டையாட ரெஜிமென்டின் இரண்டு அதிகாரிகள் ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். மங்கலான வெளிச்சத்தில் ஏதோ அசைய, ஒருவர் சுட்டார். விழுந்தவர் அவருடைய நண்பர். நல்ல வேளை, உயிர் பிழைத்தார். விசாரணையில் ஏன் சுட்டாய் என்று கேட்டதற்கு, "அரை வெளிச்சத்தில் பாறைக் குரங்கு மாதிரியே இருந்தார்" என்றாராம். செய்தி பரவி, விமானப்படை முழுக்க அந்த ரெஜிமென்டையே 'ராக் ஏப்' என்று கூப்பிட ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் அவர்களே அதைத் தங்கள் பெயராக எடுத்துக்கொண்டார்கள்.