குறுக்கே போகிறவர் யார்? – வாத்தியார் பதில்கள்

மதுரைக்குப் புதிதாக ஒரு முழு மாரத்தான், அதாவது 42.195 கிலோமீட்டர் ஓட்டம், நடத்தலாமா என்று நாங்கள் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருக்கிறோம், ஓட்டம் காலை நான்கு மணிக்கு, தேதியும் பாதையும்தான் இன்னும் அமையவில்லை, பாதை அமைந்ததும் சைக்கிளில் அளக்கப் போகிறேன் என்று சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. முழங்கால் வலிக்காரர்கள் மன்னிக்கவும், உங்களுக்கு அடுத்த மாதம் பதில்.

பொங்கலை ஒட்டி வைத்தால் என்ன? குளிரும் இருக்கும், வெளியூர்க்காரர்கள் அப்படியே ஜல்லிக்கட்டும் பார்த்துவிட்டுப் போவார்கள்.
– வாசகர், அண்ணாநகர்

எங்கள் கூட்டத்திலும் முதலில் எழுந்த யோசனை இதுதான். முதலில் விழுந்ததும் இதுதான். பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர். மாவட்டத்தில் இருக்கும் போலீசார், டாக்டர்கள், ஆம்புலன்ஸ் எல்லாம் வாடிவாசலைச் சுற்றித்தான் நிற்கும். நமக்கும் வேண்டியது அதே போலீஸ், அதே டாக்டர், அதே ஆம்புலன்ஸ்.

தேதி பார்க்க உட்காரும்போது நான் மூன்று காலண்டர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். ஒன்று பஞ்சாங்கம், ஒன்று பள்ளித் தேர்வு அட்டவணை, மூன்றாவது மற்ற ஊர் மாரத்தான்களின் தேதிகள். தை பிறந்தால் முகூர்த்தம். ஞாயிறும் முகூர்த்தமும் சேர்ந்த நாளில் அதிகாலை நான்கு மணிக்கே மாப்பிள்ளை வீட்டு வேன்கள் ஓட ஆரம்பித்துவிடும். அவர்களை நிறுத்தி ‘ஓட்டம் நடக்கிறது, சுற்றிப் போங்கள்’ என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. தைப்பூசத்தை ஒட்டிப் பழநி பாதயாத்திரை, அதே பௌர்ணமிக்கு வண்டியூர் தெப்பம். மாசி, பங்குனியில் பொதுத்தேர்வு. அப்புறம் வெயில் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை பற்றிச் சொல்லவே வேண்டாம், அடைமழை. ஜனவரி முதல் வாரத்தில் சென்னை ஓட்டம், மூன்றாவது ஞாயிறு மும்பை. முழு தூரம் ஓடுகிறவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓட முடியாது. கால் கேட்காது.

கழித்துக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது மார்கழி. எங்கள் தேர்வு, மார்கழி பிறந்து வரும் முதல் ஞாயிறு. முகூர்த்தம் கிடையாது, மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். ஊர் நான்கு மணிக்கே விழித்திருக்கும். கோயில் மைக்கில் திருப்பாவை, வாசலில் கோலம், கையில் காபி. கைதட்ட ஆள் தேட வேண்டாம்.

குறை இல்லாமல் இல்லை. மழை முழுதாக விட்டிருக்கும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். ஐயப்பன் சீசன் உச்சத்தில் இருக்கும், மீனாட்சி கோயிலைச் சுற்றி ஆந்திரா, கர்நாடகா வண்டிகள் நிற்கும். சென்னைக்குத் தயாராகிறவர்கள் இங்கே முழு தூரம் ஓடமாட்டார்கள், அரை மாரத்தானுக்குத்தான் வருவார்கள். வரட்டும், முதல் வருடத்துக்கு அதுவே போதும்.

சித்திரைத் திருவிழாவில் வைத்தால் லட்சக்கணக்கில் கூட்டம் இருக்குமே?
– வாசகர், செல்லூர்

கூட்டம் இருக்கும். ஓட இடம் இருக்காது.

திருப்பரங்குன்றத்தில் தொடங்கி அழகர்கோவிலில் முடித்தால் எவ்வளவு அழகு! மருமகன் வீட்டிலிருந்து மாமன் வீட்டுக்கு ஓடின மாதிரி இருக்கும். தூரம் குறைந்தால் ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளலாம்.
– வாசகி, பசுமலை

படித்ததும் சிரித்துவிட்டேன். விளம்பரத்துக்கு இதைவிட நல்ல வரி கிடைக்காது. ஆனால் வரைபடத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள் அம்மா. தென்மேற்கில் ஆரம்பித்து வடக்கே போகிற கோடு ஊரை நடுவே இரண்டாக வெட்டுகிறது. வைகையைத் தாண்ட வேண்டும், கோரிப்பாளையத்தைத் தொட வேண்டும். அரசு இராசாசி மருத்துவமனை இருப்பது அங்கேதான். எத்தனையோ மாவட்டங்களிலிருந்து ஆம்புலன்ஸ் வந்து சேரும் வாசலை நம்முடைய ஓட்டத்துக்காக அடைக்க முடியாது.

ஓரிடத்தில் தொடங்கி வேறிடத்தில் முடிப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. உலக சாதனையாக ஏற்க வேண்டும் என்றால், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நேர்க்கோட்டில் உள்ள இடைவெளி பந்தயத் தூரத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. இறக்கம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது, அதாவது மொத்தம் 42 மீட்டர். அமெரிக்காவின் பாஸ்டனில் 1897இலிருந்து ஓடுகிறார்கள், ஆனால் அது நேராக ஒரே திசையில் போகிற பாதை, இறக்கமும் சுமார் 140 மீட்டர். 2011இல் கென்ய வீரர் ஜெஃப்ரி முத்தாய் அங்கே 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் வந்தார். அன்றைய உலக சாதனையைவிட அது 57 விநாடி வேகம். முதுகில் நல்ல காற்று வேறு. சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. மதுரையில் யாரும் உலக சாதனை படைக்கப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் தொடங்கிய இடத்திலேயே முடித்தால் பை, செருப்பு, பைக் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். அழகர்கோவிலில் முடித்துவிட்டு வியர்வையோடு டவுன் பஸ்ஸுக்கு நிற்க யாருக்கு ஆசை?

அழகர்கோவிலுக்குப் போய்த் திரும்பலாமே, மதுரையிலிருந்து 21 கிலோமீட்டர்தானே, இரண்டு மடங்கு 42 என்று வேறு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சாலையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பதினெட்டாம்படிக் கருப்பருக்கு நேர்த்திக்கடன் வேன்கள், கிடா, அண்டா, குடும்பம் மொத்தமும். கருப்பரோடு எனக்கு வம்பு வேண்டாம்.

அப்படியானால் பாதை எதுதான்?
– வாசகர், தல்லாகுளம்

உங்கள் வாசல்தான். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் தொடக்கம், தல்லாகுளம் பக்கம் வந்து நத்தம் சாலை மேம்பாலத்தில் ஏறுவது. பாலம் 7 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், 2023இல் திறந்தது. அதன் பெருமை நீளம் இல்லை. பாலத்தை மூடினாலும் கீழே பழைய சாலை அப்படியே இருக்கிறது. பஸ் போகும், பால் வண்டி போகும், குறுக்குத் தெருவிலிருந்து ஆட்டோ வரும். 7 கிலோமீட்டருக்கு ஒருத்தரும் நம் குறுக்கே வரமாட்டார்கள், நாமும் ஒருத்தரையும் நிறுத்த வேண்டாம். இந்த ஊரில் இப்படி ஒரு சாலை கிடைப்பது வரம்.

வரத்திலும் கொக்கி இருக்கிறது. மேலே தண்ணீர்க் குழாய் கிடையாது, கழிப்பறை கிடையாது, மரம் கிடையாது. யாராவது மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸ் ஓடுகிறவர்களுக்கு நடுவேதான் வரவேண்டும். அதனால் ஒரு பக்கம் போக, திரும்ப. மறு பக்கம் முழுக்கக் காலி, மருத்துவ வண்டிக்கு மட்டும்.

அரை மாரத்தான் இதிலேயே கிட்டத்தட்ட முடிந்துவிடும். முழு தூரத்துக்குப் பாலம் இறங்கி நத்தம் நெடுஞ்சாலையில் இன்னும் போய்த் திரும்ப வேண்டும். அங்கே மாநகரக் காவல் எல்லை முடிந்து மாவட்டக் காவல் எல்லை வருகிறது. ஆகவே கமிஷனருக்கு ஒரு மனு, எஸ்.பி.க்கு ஒரு மனு, நெடுஞ்சாலைக்காரர்களுக்கு ஒரு மனு. பாதையைவிட ஃபைல்தான் நீளம்.

மாசி வீதிகளில் ஓட வேண்டும் என்று எனக்கும் ஆசை. தேர் போகிற வீதியில் ஓடுவது எந்த ஊருக்குக் கிடைக்கும்? அதை 5 கிலோமீட்டர் ஓட்டமாகத் தனியே வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். கோலத்தை மிதித்தால் பதக்கம் கிடையாது என்று விதியும் போடலாம்.

சூரியன் உதித்த பிறகு தொடங்கக்கூடாதா? நான்கு மணி என்றால் இரண்டு மணிக்கே எழ வேண்டுமே!
– வாசகி, கே.கே. நகர்

எழுந்துதான் ஆக வேண்டும். மார்கழியில் இங்கே சூரியன் வர ஆறரை ஆகிறது. நான்கு மணிக்குப் புறப்பட்டு ஆறு மணி நேரத்தில் முடிக்கிறவருக்கே கடைசி இரண்டு மணி நேரம் நல்ல வெயில் கிடைக்கும். மெதுவாக ஓடுகிறவர்தான் அதிக நேரம் வெயிலில் இருக்கிறார். நேரம் வைக்கும்போது முதலில் வருகிறவரை நினைக்காமல் கடைசியில் வருகிறவரை நினைக்க வேண்டும்.

டோஹாவில் 2019 உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் வைத்தார்கள். அப்போதும் புழுக்கம் தாங்காமல், தொடங்கிய 68 பேரில் 40 பேர்தான் முடித்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் மாரத்தானையே வடக்கே சப்போரோவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கும் வெயில் விடவில்லை, பெண்கள் ஓட்டத்தை ஒரு மணி நேரம் முன்னால் இழுத்துக் காலை ஆறு மணிக்கு வைத்தார்கள். அவர்கள் எல்லாம் உலகத் தரம். நீங்களும் நானும் இட்லி சாப்பிட்டுவிட்டு ஓடுகிறவர்கள்.

42.195 என்பதில் அந்த 195 எதற்கு?
– பிளஸ் டூ மாணவர், திருநகர்

1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பம் உட்கார்ந்த இடத்துக்கு எதிரே முடித்தார்கள். 26 மைல் 385 கெஜம் வந்தது. 1921இல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். ராணி வேறு பக்கம் உட்கார்ந்திருந்தால் உனக்குக் கொஞ்சம் குறைந்திருக்கும் தம்பி.

கூகுள் மேப்பில் அளந்தால் போதாதா? சைக்கிளில் அளக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்களே.
– வாசகர், ஆரப்பாளையம்

போதாது. முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்ட்டர் என்று ஒரு சின்ன எண்ணியைப் பொருத்துவோம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் அது இருபதுக்கு மேல் எண்ணிவிடும். முதலில், ஸ்டீல் டேப்பால் அளந்த ஒரு நேர்த்துண்டில், குறைந்தது 300 மீட்டர், நான்கு தடவை ஓட்டி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண்ணிக்கை என்று கணக்கிட வேண்டும். பிறகு பாதை முழுக்க, ஓடுகிறவர் எவ்வளவு குறுக்கி ஓட முடியுமோ அந்தக் கோட்டிலேயே மிதிக்க வேண்டும். வளைவில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர்தான் இடம். முடிந்ததும் மறுபடி அதே துண்டில் நான்கு தடவை. வெயில் ஏறினால் டயரில் காற்று விரியும், கணக்கு மாறும். கடைசியில் ஆயிரத்துக்கு ஒன்று கூடுதலாகச் சேர்க்க வேண்டும். முழு மாரத்தானுக்கு அது 42 மீட்டர். தூரம் கூடினால் திட்டு வாங்கலாம், குறைந்தால் ஓடி முடித்த நேரத்துக்கே மதிப்பில்லை.

பெரிய ஊர்களே இதில் வழுக்கி விழுந்திருக்கின்றன. மான்செஸ்டர் மாரத்தான் 2013 முதல் மூன்று வருடம் 380 மீட்டர் குறைவாக இருந்தது, பின்னால்தான் கண்டுபிடித்தார்கள். பிரைட்டனில் 2021இல் 568 மீட்டர் கூடிப்போனது.

நான் முதன்முதலில் அளந்தது டெல்டாவில் ஒரு சின்ன ஊரில், விடிகாலை மூன்று மணிக்கு. தெருநாய்கள் ஆறேழு துரத்தின. குறுக்குக்கோடு, 30 சென்டிமீட்டர் எல்லாம் மறந்து மிதித்த மிதியில் கவுன்ட்டரே கழன்று விழுந்தது. மறுநாள் முதலிலிருந்து.

ஓட ஆசை என்றால் மைதானத்தில் ஓடுங்களேன். ஊரை ஏன் அடைக்கிறீர்கள்? போன வருடம் ஒரு ஓட்டத்தால் என் தம்பி கல்யாணத்துக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனேன்.
– வாசகர், வில்லாபுரம்

கோபம் நியாயமானது. நியூயார்க்கில் 1970இல் முதல் ஓட்டம் ஒரு பூங்காவுக்குள்தான் நடந்தது. 127 பேர் தொடங்கினார்கள், 55 பேர் முடித்தார்கள். ஊரின் ஐந்து பகுதிகளுக்கும் போனது 1976இல். நாங்கள் முதல் வருடமே மீனாட்சியம்மன் கோயிலை வலம் வர நினைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் என் சொந்தக் கதை. பல வருடம் முன்பு வேறோர் ஊரில் ஓட்டப் பாதைக்கு நான்தான் பொறுப்பு. ஒரு முக்குச் சந்திப்பில் கல்லூரிப் பையன் ஒருவனை நிறுத்தி, ‘யார் வந்தாலும் கயிற்றை இறக்காதே’ என்று சொல்லியிருந்தேன். ஓர் ஆட்டோ வந்தது. உள்ளே வலி எடுத்த பெண், பக்கத்தில் அவள் அம்மா. பையன் நல்ல பையன், சொன்னதைக் கேட்டான். பத்து நிமிடம் நிற்க வைத்துவிட்டான். கடைசியில் ஆட்டோக்காரரே இறங்கி வந்து கயிற்றைத் தூக்கிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் நலம் என்று மதியம் தெரிந்தது. நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா, ‘பையனைத் திட்டாதீங்க சார், சொல்லிக்கொடுத்தது யாரு?’ என்றார்.

அன்றிலிருந்து பாதை போடும்போது ஓடுகிறவர் எங்கே போகிறார் என்று நான் இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். காலை நான்கு முதல் பத்து வரை அந்தச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியவர் யார் என்ற பட்டியல்தான் முதலில். மாட்டுத்தாவணிக்கு மல்லிகை மூட்டையோடு வருகிறவர், டயாலிசிஸுக்குப் போகிறவர், கீழவெளி வீதி பேராலயத்துக்கு ஞாயிறு பூசைக்குப் போகிற குடும்பம், பரீட்சை எழுதப் போகிற பிள்ளை. மாட்டுத்தாவணிப் பக்கமே நாங்கள் போகாததற்குப் பூ வண்டிதான் காரணம். மார்கழியில் பூவுக்கு இருக்கிற கிராக்கி தெரியும் அல்லவா?

தவிர்க்க முடியாத ஒவ்வொரு சந்திப்பிலும் மாணவரோடு ஒரு பெரியவர் நிற்பார். கயிற்றை இறக்கலாமா என்று யாரிடமும் கேட்காமல் முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. பத்து கிலோமீட்டர் தாண்டினால் ஓடுகிறவர்களுக்கு நடுவே தாராளமாக இடைவெளி விழும். ஒரு ஆட்டோ போனால் யாருடைய நேரமும் கெட்டுவிடாது. கெட்டாலும் பரவாயில்லை.

உங்களுக்கு அந்தப் பெரியவர் வேலை பிடிக்குமா? ஆள் தேவை.

தேதி முடிவாகிவிட்டதா, இல்லையா?
– வாசகர், சிம்மக்கல்

மனதுக்குள் முடிவாகிவிட்டது, காகிதத்தில் இல்லை. காவல்துறை, மாநகராட்சி, நெடுஞ்சாலை மூன்று பேரும் தலையாட்டிய பிறகுதான் போஸ்டர். அதற்கு முன்னால் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை மூன்று மணிக்குப் பாலத்தின் மேல் சைக்கிளோடு போகிறேன். துணைக்கு வருகிறவர்கள் ஒரு டார்ச்சும் இரண்டு பிஸ்கட் பாக்கெட்டும் கொண்டுவரவும். பிஸ்கட் எனக்கு இல்லை, நாய்களுக்கு.