ஏர்பேக் இருக்க பின்சீட்டில் பெல்ட் எதற்கு?

கேள்வி: தக்கலையிலிருந்து அடிக்கடி இரவில் காரில் மதுரை போவோம். ஆறு ஏர்பேக் உண்டு. பின்சீட்டில் அம்மா, மடியில் ஐந்து வயதுப் பிள்ளை. அவர்களுக்கும் பெல்ட் அவசியமா?
- வாசகர், தக்கலை

பதில்: கட்டாயம். பெல்ட் போட்டவரைத் தாங்கவே ஏர்பேக்கை வடிவமைக்கிறார்கள். 60 கி.மீ. வேகத்தில் கார் மோதி நின்றாலும், பெல்ட் போடாதவர் வினாடிக்கு 16 மீட்டருக்கு மேல் முன்னே பாய்வார். பின்சீட்டுக்காரர் முன்சீட்டில் மோதினால் ஓட்டுநர் உயிரும் போகலாம். இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படியட்டும். தோளில் வரும் பெல்ட் பட்டையை அக்குளுக்குக் கீழே விடாதீர்கள், விலா எலும்பு நொறுங்கும். மடியில் இருக்கும் பிள்ளையை எந்தக் கையும் பிடித்து நிறுத்தாது. சைல்டு சீட் வாங்குங்கள். செலவுதான், ஆனால் இதில் சிக்கனம் வேண்டாம். ஓட்டுபவர் நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் 25 செ.மீ. இடைவெளி தேவை.

வழியில் காற்றுக்குப் பேர்போன ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டியதும் கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தும். 80-இலிருந்து 100-க்குப் போனால் மோதலின் ஆற்றல் ஒன்றரை மடங்கைத் தாண்டும். ஆடிக்காற்றில் லாரியை முந்தும்போது அதன் மறைவு விலகியதும் கார் சட்டென்று பக்கவாட்டில் தள்ளப்படும். ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் பிடியுங்கள், வெடுக்கென்று ஒடிக்காதீர்கள். மேலே மூட்டை கட்டியிருந்தால் இன்னும் மோசம்.

டயர் வரிப்பள்ளத்தின் ஆழம் குறைந்தது 1.6 மி.மீ. என்பது சட்ட வரம்பு. நம்மூர் மழைக்கு 3 மி.மீ.யிலேயே மாற்றுவது நல்லது. காற்றழுத்தத்தை டயர் சூடாகும் முன் பாருங்கள்.

அதிகாலை 2 முதல் 5 வரை ஓட்டாதீர்கள். கண் சொருகினால் பாட்டு உதவாது. பெட்ரோல் பங்கில் நிறுத்தி 20 நிமிடம் தூங்குங்கள்.