ஆங்கிலத்தில் 'ஊப்ஸ்' என்று எப்போது சொல்வார்கள்? அதற்கு என்ன பொருள்?

கை தவறி நடக்கும் சின்னப் பிழைக்கு வாயிலிருந்து தானாக வந்துவிடும் சொல்தான் 'ஊப்ஸ்'. 'அடடா, தவறிருச்சே' என்கிற உணர்வுதான் அதன் பொருள்.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் கிளாஸை நீட்டும்போது விளிம்பு தட்டி நாலு சொட்டு உங்கள் சட்டையில் விழுகிறது. 'அடடா!' என்கிறார். வேண்டுமென்று செய்யவில்லை, நானும் கவனித்துவிட்டேன் என்று அந்த ஒரு சொல்லே உங்களுக்குச் சொல்லிவிடுகிறது. எர்விங் காஃப்மன் என்ற சமூகவியல் அறிஞர் 1978-இல் எழுதிய கட்டுரையில் ஊப்ஸுக்கும் கிட்டத்தட்ட இதே காரணத்தைத்தான் சொல்கிறார்: கை தவறியது, ஆனால் நிதானம் தவறவில்லை என்று சுற்றியிருப்பவர்களுக்குக் காட்டுவது. எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இது.

நடை பழகும் பிள்ளை பொத்தென்று விழுந்தால் ஆங்கிலத்தில் 'ஊப்ஸி டெய்ஸி' என்பார்கள். நம்ம ஆச்சிமார் 'ஒண்ணுமில்லய்யா, எந்தி' என்று தூக்கிவிடுவார்களே, அதேதான்.

அப்புறம், ஊப்ஸ் சொன்னாலே மன்னிப்புக் கேட்டாயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை; டவுன் பஸ்ஸில் ஒருவர் காலை மிதித்துவிட்டால் 'சாரி'யைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும்.